விஆர் கனவா, படுக்கைக் கனவா: ரெண்டையும் போட்டுப் பாத்தாச்சு

துபாய்ல இருக்க நம்ம மச்சான் லீவுக்கு வரும்போது ஒரு குவெஸ்ட் 3 ஹெட்செட் தூக்கிட்டு வந்தான், அதான் கண்ணுல மாட்டுனா வேற உலகத்துக்குள்ள நிக்கிற மாதிரி காட்டுற விஆர் பெட்டி, தமிழ்நாடு-கேரளா எல்லைல இருக்க குமுளில எங்க வீட்டுல ஒரு மாசம் கெடந்துச்சு. அதே மாசம் எனக்கு ஏலக்கா லோடு வேலை, ராத்திரி பத்துக்குப் படுத்து மூணரைக்கு எந்திரிச்சு கணக்கு எழுதி வண்டிய அனுப்பிட்டு மறுபடி நாலரைக்குப் படுத்தா ஆறரை வரைக்கும் தூக்கம், அந்த ரெண்டு மணி நேரத்துல வந்த கனவு இருக்கே, அது வேற லெவல். அதனாலதான் இந்த ஒப்பீடு. "கனவுக்குள்ள நடக்குற மாதிரி"ன்னு சொல்லி விக்கிற விஆர் ஒரு பக்கம், கனவுன்னு தெரிஞ்சே காணுற கனவு, அதான் லூசிட் ட்ரீம், அது இன்னொரு பக்கம்.

மொதல்ல மட்டமானத முடிச்சுருவோம். டூரிஸ்ட் ஊருல முட்டை ஓடு மாதிரி சேர் போட்டு 9டின்னு போர்டு வச்சுருப்பாங்கல்ல, அதுல ஒருதடவ ஏறுனேன். படம் எறங்கும்போது சேர் ஏறுது, நாலாவது நிமிஷம் குடிச்ச சாயா தொண்டைக்கு வந்துருச்சு. கண்ணு "ஓடுறோம்"னு சொல்லுது, காதுக்குள்ள இருக்க பேலன்ஸ் உறுப்பு "எங்க ஓடுறோம், சும்மா உக்காந்துருக்கோம்"னு சொல்லுது, ரெண்டுக்கும் நடுவுல வயிறு மாட்டிக்குது. தலைய திருப்புனா 20 மில்லி செகண்டுக்குள்ள படமும் திரும்பணும்னு இந்த தொழில்ல ஒரு கணக்கு இருக்கு. அந்த கடைக்காரருக்கு யாரும் சொல்லலபோல. அதை கனவுலேயே சேக்க வேணாம்.

நல்ல ஹெட்செட் கதை வேற. 515 கிராம், மூஞ்சில ஒரு அரை கிலோ கட்டி தூக்குன மாதிரி, சார்ஜ் ரெண்டு மணி நேரம் நின்னா பெருசு. ஆனா உள்ள போனா செவுரு மூச்சு விடுது, தரை தண்ணியாகுது, மரம் தலைகீழா மொளைக்குது, மொத பத்து நிமிஷம் "அடேங்கப்பா"ன்னு வாயத் தொறந்தே இருந்தேன். இதை வெளையாட்டுக்கு மட்டும் இல்ல, ஆராய்ச்சிக்கும் பண்ணிருக்காங்க. இங்கிலாந்துல சசெக்ஸ் யுனிவர்சிட்டில 2017ல ஒரு "ஹாலுசினேஷன் மெஷின்" செஞ்சாங்க, கேம்பஸ்ல சாதாரணமா எடுத்த 360 டிகிரி வீடியோவ கூகுளோட டீப்ட்ரீம்ங்கிற, படத்துல இல்லாத உருவத்தையும் இருக்குற மாதிரி வரையுற ஏஐ நெட்வொர்க்ல போட்டு, பாக்குற எடமெல்லாம் நாய் மூஞ்சியா முளைக்க வச்சு ஹெட்செட்ல காட்டுனாங்க. பாத்தவங்க சொன்ன காட்சி அனுபவம் மேஜிக் மஷ்ரூம், அதான் போதைக் காளான், சாப்பிட்டவங்க சொல்றதோட பல எடத்துல ஒத்துப்போச்சு, ஆனா நேரம் இழுக்குறது சுருங்குறதுன்னு சொல்வாங்கள்ல, அது மட்டும் வரவே இல்ல.

எனக்கும் அதேதான் இடிச்சுச்சு. காட்சி கனவு மாதிரி இருக்கு, ஆனா நான் கனவு காண்றவன் மாதிரி இல்ல. கனவுல செத்துப்போன வாத்தியார் வந்து எங்க வீட்டு மாடில மீன் வித்துட்டு இருந்தாலும் "என்ன சார் வெலை"ன்னு கேப்போமே தவிர "நீங்க எப்புடி இங்க"ன்னு கேக்க மாட்டோம். ரெம் தூக்கத்துல, அதான் கண்ணு மூடிருந்தாலும் முழி வேகமா உருளுற தூக்கம், அப்ப மூளையோட முன்பக்கம், இந்த குறுக்கு கேள்வி கேக்குற பகுதி, வேகம் கொறஞ்சு கெடக்கும். விஆர்ல அந்த ஆளு முழிச்சு உக்காந்து "கிராபிக்ஸ் சூப்பர்ல"ன்னு கமெண்ட் அடிச்சுட்டே இருக்கான். எத்தனை செவுரு மூச்சு விட்டாலும் அவன் தூங்குறதில்ல.

எங்க அப்பத்தா இதைவிட சுருக்கமா சொல்லிருச்சு. கண்ணாடிய கழட்டுனா அதுக்கு ஒண்ணும் தெரியாது, கண்ணாடியோட ஹெட்செட்ட மாட்டுனா மூக்குல அழுத்துது, நானும் மச்சானும் ஸ்பேசர் மாத்தி பட்டைய இளக்கி படாதபாடு பட்டு மாட்டிவிட்டோம், ரெண்டு நிமிஷம் பாத்துச்சு, கழட்டிட்டு, "கனவுல எனக்கு கண்ணாடியே வேண்டாமேடா, எல்லாம் பளிச்னு தெரியுமே"ன்னுச்சு. மச்சான் மூஞ்சி போன போக்க பாக்கணுமே.

இப்ப படுக்கைப் பக்கம். இதை கப்சான்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம், லேப்ல நிரூபிச்சது இது. கனவு காணும்போது உடம்பு முழுக்க கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், கண்ணு மட்டும் அசையும். அதை வச்சு 1975ல கீத் ஹெர்ன்னு ஒருத்தர் இங்கிலாந்துல, தூங்குற ஆளு கனவுக்குள்ள இருந்தே முன்னாடி பேசி வச்சபடி கண்ண இடம் வலம்னு ஆட்டி சிக்னல் குடுத்ததை பதிவு பண்ணாரு, அப்புறம் அமெரிக்கால ஸ்டான்ஃபோர்டுல ஸ்டீபன் லாபெர்ஜ் தனியா அதையே காட்டுனாரு. 2021ல இன்னும் ஒரு படி, தூங்கிட்டு இருக்கவர்கிட்ட எட்டுல ஆறு போனா எவ்வளவுன்னு கேட்டு, அவர் கனவுக்குள்ள இருந்தே கண்ண ரெண்டு தடவ ஆட்டி பதில் சொன்னாரு. அம்பது வருஷ ஆய்வுகளை சேத்துப் போட்டு 2016ல பாத்ததுல சுமார் 55 சதவீதம் பேரு வாழ்க்கைல ஒருதடவயாச்சும் இப்புடி கனவு கண்டுருக்காங்க.

வழி என்னன்னா, விடிகாலைல எந்திரிச்சு கொஞ்ச நேரம் முழிச்சிருந்துட்டு மறுபடி படுக்குறது, ஏன்னா ரெம் தூக்கம் விடிய விடியத்தான் நீளமா வரும். நான் லோடுக்காக செஞ்சது தெரியாமலே அதான்! கூடவே பகல்ல அப்பப்ப "இது கனவா"ன்னு செக் பண்ணணும், எழுத்த ஒருதடவ படிச்சுட்டு திரும்ப படிச்சா கனவுல அது மாறிப்போயிருக்கும். நம்ம ஊருல இதுல ஒரு சிக்கல், பஸ் போர்ட தமிழ்ல படிச்சுட்டு எல்லை கேட்ட தாண்டி திரும்புனா அடுத்தது மலையாளத்துல நிக்குது, முழிச்சிருக்கும்போதே எழுத்து மாறுது. அப்புறம் ஒரே பஸ்ஸோட போர்ட ரெண்டு தடவ படிக்க ஆரம்பிச்சேன். பதினாறாவது நாளு வந்துச்சு. கம்பம்னு இருந்த போர்டு, மறுபடி பாத்தா கம்பளம், மறுபடி பாத்தா மலையாளமும் இல்லாம தமிழும் இல்லாம புழு மாதிரி நெளியுது. அட கனவுன்னு புரிஞ்ச ஒடனே நெஞ்சு படபடன்னு அடிச்சு முழிப்பு வந்துருச்சு, உள்ள இருந்தது ஒரு அஞ்சாறு செகண்டுதான் இருக்கும். அந்த அஞ்சு செகண்டுல ரோட்டுல இருந்த ஒவ்வொரு ஜல்லியும் தனித்தனியா தெரிஞ்சுச்சு, ஹெட்செட்ல ஒரு மாசத்துல அப்புடி ஒரு ஜல்லிய நான் பாக்கல.

அதுக்காக விஆர் தோத்துச்சுன்னு சொல்லிற முடியாது. கனவுக்குள்ள கூட ஒருத்தரை கூட்டிட்டுப் போக முடியுமா? 2022ல டேவிட் க்ளோவாக்கி குழு வெளியிட்ட ஐஸ்னஸ்-டிங்கிற விஆர்ல, வேற வேற ஊருல இருக்கவங்க ஒண்ணா சேந்து, ஒடம்பெல்லாம் வெளிச்சப் பொகையா மாறி ஒருத்தர்மேல ஒருத்தர் கலக்குறாங்க. அது படுக்கைல நடக்காது. நெனச்ச நேரத்துக்கு பட்டன் அமுக்குனா வரும், பதினாறு நாள் காத்திருக்க வேண்டாம்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ரெண்டும் சேர்ற எடம். 2000த்துல ஸ்டிக்கோல்ட்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆளுகள டெட்ரிஸ், அதான் மேல இருந்து விழுற கட்டைய அடுக்குற கேம், ஆட வச்சாரு, தூக்கம் கண்ண கட்டுற நேரத்துல அவங்களுக்கு கட்டை விழுறதே தெரிஞ்சுச்சு, ஆடுனதே ஞாபகம் இல்லாத மறதி நோயாளிகளுக்குக்கூட. இதுக்கு லேப் எதுக்கு, ஏலக்கா ஸ்டோர்ல நாள் பூரா காய் பொறுக்குன அப்பத்தாவ கேட்டா சொல்லும், கண்ண மூடுனா பச்சைப் பச்சையா உருளும்னு. ஆக விஆர்ல பாத்தது கனவுக்குள்ள ஒழுகும். 2021ல விஆர்லயே "இது கனவா"ன்னு செக் பண்ண பழக்கி நாலு வாரம் ட்ரெயினிங் குடுத்துப் பாத்ததுல லூசிட் ட்ரீம் கூடுச்சுன்னு ஒரு ஆய்வும் இருக்கு.

என்னைக் கேட்டா, கனவு எப்புடி இருக்கும்னு வேடிக்கை பாக்கணும்னா ஹெட்செட், கனவுக்குள்ள நிக்கணும்னா படுக்கை, காசு குடுத்து வாங்கி ஆடணும்னு இல்ல, கூட்டாளிகிட்ட ஓசில கெடச்சா போதும். காலைல ஜீப் ஓட்டுறவங்க, ஏற்கனவே தூக்கம் சரியில்லாதவங்க மூணரை மணி அலாரம் பக்கமே போகாதீங்க, அரைத்தூக்கத்துல மலை வளைவுல எறங்கக் கூடாது. ஹெட்செட்ட மச்சான் எடுத்துட்டுப் போயிட்டான். நான் பஸ் ஸ்டாண்டு போனா இன்னும் போர்ட ரெண்டு தடவ படிக்கிறேன், கண்டக்டரு "ஏறுறியா இல்லையா தம்பி"ங்குறாரு.