1050 டிஐ என்று வந்த கிராபிக்ஸ் கார்டுக்குள் 2011ஆம் வருடச் சிப்: முதல்முறை அசெம்பிள் செய்பவர்கள் கவனத்துக்கு

போன வாரம் நண்பர் ஒருவர் தான் வாங்கப்போகும் கிராபிக்ஸ் கார்டின் படத்தை அனுப்பி, "இது ஓகேவா?" என்று கேட்டார். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, புத்தம் புதியது என்று போட்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கத் தகட்டில் நீல நிறத்தில் ஒரு விஜிஏ போர்ட், அதாவது பழைய மானிட்டர்களுக்கான அனலாக் இணைப்பு. வயிறு கலங்கிவிட்டது. 2021இல் நான் வாங்கி ஏமாந்ததும் இதே மாதிரி கார்டுதான். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பத்து வருடமாக மேக்கில்தான் வீடியோ எடிட்டிங் செய்துவந்தேன். 8 ஜிபி ரேம் போதவில்லை. அது மதர்போர்டோடு பற்றவைத்தது, கூட்டவும் வழியில்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்போடு மேக்குகளை வெளியிட்டபோது, அதிலும் ரேமைக் கூட்ட வழியில்லை என்பதால், இனி எனக்கு வேண்டியதை நானே பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். ரைசன் 5 3600 பிராசஸர், 32 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் நல்லபடியாக வந்துசேர்ந்தன. மேக்கின் ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கை விண்டோஸ் தானாகப் படிக்காது என்பதால் கோப்புகளை முன்பே இரண்டிலும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபேட் டிரைவுக்கு மாற்றிவைத்தேன். அப்புறம் மேக்கை விற்றுவிட்டேன். அதை மட்டும் செய்திருக்கக் கூடாது.

அது கிராபிக்ஸ் கார்டுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்த நேரம். கிரிப்டோ மைனிங்குக்காக அள்ளிக்கொண்டு போனார்கள். 2016இல் வந்த 1050 டிஐ கூட மறுபடி விற்பனைக்கு வந்ததால், ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 'புதியது, சீல் பிரிக்காதது' என்று பார்த்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எல்லாவற்றையும் பொருத்தி விண்டோஸ் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை விண்டோஸ் தானாக இறக்கிப் போட்ட அந்த நிமிடத்தில் திரை கறுத்தது. ரீஸ்டார்ட் செய்தாலும் அதேதான். ரைசன் 5 3600க்குள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் வயரைச் சொருகினாலும் படம் வராது. வேறு கார்டும் இல்லை, வேறு கணினியும் இல்லை. இரண்டு நாள் ராத்திரி முழுக்க ரேமைக் கழற்றி மாட்டினேன், பவர் கேபிளை மாற்றிச் சொருகினேன், மதர்போர்டின் பேட்டரியை எடுத்து, கணினியின் தொடக்க அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸை ரீசெட் செய்தேன். என் கைதான் எங்கோ தப்பு செய்துவிட்டது என்று உறுதியாக நம்பினேன்.

விற்பனையாளரும் அதையேதான் சொன்னார். "சார் முதல்முறை அசெம்பிள் செய்கிறீர்களா? அப்படியானால் பொருத்தியதில்தான் பிரச்சினை இருக்கும்." பிறகு ஒரு லிங்க் அனுப்பி, இந்த டிரைவரை மட்டும் போடுங்கள், விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவையுங்கள் என்றார். போட்டதும் படம் வந்தது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் '1050 டிஐ' என்றே காட்டியது. நிம்மதியாகிவிட்டேன். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு அந்த நிம்மதியிலேயே தாண்டிப்போனது.

ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் இடித்தது. 1050 டிஐயில் என்வென்க் என்ற வீடியோ என்கோடர் உண்டு. என் மென்பொருளோ அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது. டைம்லைன் கொஞ்சம் கனமானால் மெமரி போதவில்லை என்று நின்றது. 4 ஜிபி இருக்கும் கார்டில் ஏன் அப்படி? கார்டின் உள் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வந்தது. சிப் ஜிஎஃப்116. கோர்கள் 192. அசல் 1050 டிஐயில் 768 இருக்க வேண்டும்.

உள்ளே இருந்தது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. கார்டின் பயாஸை, அதாவது அதன் அடையாளத்தைச் சொல்லும் உள் மென்பொருளை, மாற்றி எழுதியிருக்கிறார்கள். கார்டு தன்னைப் பற்றிச் சொல்வதைத்தான் விண்டோஸ் காட்டும், அதுவாகச் சிப்பைச் சோதிப்பதில்லை. அந்தத் தலைமுறைச் சிப்புக்கு, இந்தச் சிப்களை வடிவமைக்கும் என்விடியா 2018இலேயே வழக்கமான டிரைவர்களை நிறுத்திவிட்டது. அதனால் அசல் டிரைவர் ஏறினால் திரை கறுக்கும், அவர்கள் தந்த டிரைவரில் ஓடும்.

கோபத்தில் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கூலரைத் தூக்கி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் பார்த்தேன். சிப்பின் மேலேயே ஜிஎஃப்116 என்று பொறித்திருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். "கூலரைக் கழற்றிவிட்டீர்கள், வாரண்டி செல்லாது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டு ராத்திரி என் கையையே சந்தேகிக்க வைத்தார்களே, அதை இன்னும் மறக்க முடியவில்லை.

தயவுசெய்து, கார்டு வந்த அன்றே ஜிபியு-இசட்டை ஓடவிடுங்கள். 2018 முதல் அது இப்படிப்பட்ட போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. டிரைவரை என்விடியாவின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். விற்றவர் தனி லிங்க் கொடுத்தால் அந்த நிமிடமே திருப்பி அனுப்புங்கள். ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், திரையைப் படம் எடுத்தாலே போதும். பார்சல் பிரிப்பதையும் வீடியோ எடுத்துவையுங்கள். பழைய கணினியைக் கெடு முடியும்வரை விற்க வேண்டாம். முடிந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸராக வாங்குங்கள், கார்டு சொதப்பினாலும் திரையில் படம் இருக்கும்.

நண்பருக்கு அந்த நீல போர்ட்டை வட்டமிட்டு அனுப்பினேன். 1050 டிஐயின் தலைமுறைச் சிப்களில் அனலாக் வெளியீடே கிடையாது. அப்படியிருக்க விஜிஏ எங்கிருந்து வரும்? விற்பவரிடம் ஜிபியு-இசட் திரையின் படம் ஒன்று கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். மூன்று நாளாகிறது, இன்னும் அனுப்பவில்லை.