தின்னர் நெடிக்கு அரைமுக ரெஸ்பிரேட்டர்: நெடுநாள் உழைப்புக்குப் பிறகு

வீட்டுப் பட்டறையில் சீலர், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் போன்ற மரப் பூச்சு அடிப்பவர்கள் அதிகம் வாங்குவது, மூக்கையும் வாயையும் மட்டும் மூடும் 3எம் 6200 அரைமுக முகமூடியும், அதன் இரு பக்கமும் திருகி மாட்டும், கரி நிரப்பிய 6001 கார்ட்ரிட்ஜும்தான். 6200 நடுத்தர அளவு. முகம் சிறிதென்றால் 6100, பெரிதென்றால் 6300. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் வாங்கியவர்களில் பாதிப் பேர் அதனிடம் எதிர்பார்ப்பது அதனால் முடியாத வேலை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 28,000 லிட்டர் காற்று. பல தின்னர்களில் முக்கியப் பங்கு டொலுயீனுக்கு. அது 100 மில்லி, அதாவது ஒரு டீ கிளாஸ் அளவு ஆவியானாலே 23 லிட்டர் ஆவி கிளம்பும். மூடிய அறையில் இது 800 பிபிஎம்மைத் தாண்டும், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 800 பங்குக்கு மேல் ஆவி. டொலுயீனில் உயிருக்கே உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் அளவு 500 பிபிஎம். அதற்கு மேலே போனால் அரைமுக ரெஸ்பிரேட்டர் கணக்கிலேயே வராது. ஒரு கதவுக்கு லாக்கர் அடித்து, ஸ்ப்ரே கன்னைக் கழுவி முடிப்பதற்குள் 100 மில்லி எம்மாத்திரம்?

ஆகவே முதல் செலவு காற்றோட்டத்துக்கு. டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையோடு படியும். உத்தரத்தை ஒட்டி வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் மேலே இருக்கும் நல்ல காற்றைத்தான் முதலில் வெளியே தள்ளும். சீலிங் ஃபேன் நெடியைக் கலக்கிவிடும், அவ்வளவுதான். நன்றாக வேலை செய்யும் அமைப்பு இது: வெளிவாசல் பக்கம் ஃபேனை வைத்து உள்ளே காற்றைத் தள்ளுங்கள், எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, வேலைப் பொருளைத் தாண்டி வெளியேறும். மோட்டாரும் ஆவியின் பாதையில் இருக்காது. டின்னைத் திறக்கும் முன்பே ஃபேனைப் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஸ்விட்ச் தட்டும் பொறியே போதும். டொலுயீன் 4 டிகிரியிலும், அசிட்டோன் மைனஸ் 20லும் தீப்பற்றத் தயார். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். பக்கத்து அறையில் பூஜை விளக்கு எரிந்தால் ஆவி தரையோடு அங்கே போய்ச் சேரும்.

இனி கார்ட்ரிட்ஜ். பாக்கெட்டில் இருக்கும் தேதி சீல் பிரிக்காத வரைக்கும்தான். பிரித்த பிறகு உள்ளே இருக்கும் கரி, ஆணியில் தொங்கும்போதும் நெடியை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். பிரித்த தேதியை மார்க்கரால் எழுதி, வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா சொல்லும் பொது விதி: கரைப்பானின் கொதிநிலை 70 டிகிரிக்கு மேல், காற்றில் அதன் செறிவு 200 பிபிஎம்முக்குக் கீழ் என்றால் சாதாரண வேலையில் கார்ட்ரிட்ஜ் சுமார் 8 மணி நேரம் தாங்கும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பாதி. ஐப்பசி மழையில் பாலிஷ் வேலை வைத்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. அசிட்டோன் 56 டிகிரியிலும் மெத்தனால் 65லும் கொதிப்பவை, இந்த விதிக்குள் வராது. மலிவுத் தின்னரில் இவை இருந்தால் கார்ட்ரிட்ஜை இன்னும் சீக்கிரம் தாண்டி வரும். இப்படி லேசான ஆவிகள் ராத்திரியில் கரிக்குள்ளேயே நகர்ந்து, மறுநாள் முதல் மூச்சிலேயே வரும். இவற்றோடு வேலை செய்த அன்றே கார்ட்ரிட்ஜை மாற்றிவிடுங்கள். ஆனால் நெடி வரட்டும், அப்புறம் மாற்றலாம் என்று காத்திருக்கக் கூடாது. மூக்கு பழகிவிடும்.

6001 ஆவிக்கு மட்டும்தான். ஸ்ப்ரேயில் பறக்கும் துளிகளுக்கு மேலே தனி முன்வடிகட்டி வேண்டும். வெறும் என்95 முகமூடி ஆவியை நிறுத்தாது.

முகமூடியில் முதலில் கெடுவது முன்னால் இருக்கும் வெளிமூச்சு வால்வு. லாக்கர் தூசி ஓரத்தில் ஒட்டி, மெல்லிய ரப்பர் இதழ் லேசாகத் தூக்கி நிற்கும். மூச்சை இழுக்கும்போது அந்த இடுக்கு வழியாக அறைக் காற்று நேராக உள்ளே வரும். அதைத் தின்னரால் துடைத்தால் ரப்பர் உப்பி வளைந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் கார்ட்ரிட்ஜ் இரண்டையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். முகமூடி முகத்தோடு ஒட்டி அமுங்கி நிற்க வேண்டும். இரண்டு நாள் தாடி இருந்தாலும் நிற்காது.

இந்த முகமூடியை நம்பிச் செய்யக் கூடாதவை: டைகுளோரோமீத்தேன் உள்ள பெயின்ட் ரிமூவர் (40 டிகிரியிலேயே கொதித்து கரியை வேகமாகத் தாண்டும், உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும்) மற்றும் ஹார்டனர் கலக்கும் இரு பாக பாலியூரிதேன் (2கே பி.யு.) ஸ்ப்ரே. அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நெடி காட்டாமலே ஆஸ்துமாவைக் கொண்டு வரும். குளோரின் வகை பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், அந்த வேலையே வேண்டாம்.

தின்னர் துடைத்த வேஸ்ட் துணியை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள். லின்சீட் ஆயில் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதை வெளியே ஒற்றை அடுக்காக விரித்துக் காய வைத்த பிறகே குப்பைக்கு.