"டிங்கரிங் முடிஞ்சாச்சு சார்": ஊரில் அடிபட்ட காரைத் திரும்ப வாங்கும் முன்

நாலு வார லீவில் ஊருக்கு வந்த இடத்தில் கார் அடிபட்டுவிட்டால், ரிப்பேர் எப்படி இருக்கும் என்பதைப் பாதி தீர்மானிப்பது உங்கள் விமான டிக்கெட். "28-ஆம் தேதி கிளம்புறோம், அதுக்குள்ள முடிச்சுக் கொடுத்திடுங்க" என்று சர்வீஸ் அட்வைசரிடம் சொல்லிவிட்டால் போதும். 27-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு, கழுவித் துடைத்து, ஈரம் சொட்டச் சொட்ட வண்டி வாசலில் நிற்கும். அந்த வெளிச்சத்தில் எந்தப் பெயிண்டும் அழகுதான். ஈரமான பாடியில் கலர் வித்தியாசம் தெரியாது, உப்புத்தாள் கீறலும் தெரியாது. மறுநாள் விமானம். அடுத்த மாதம் அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் ஃபெண்டர் கொப்புளித்திருக்கும்.

கிளம்பும் தேதியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அதற்குப் பத்து நாள் முந்திய தேதி ஒன்றைச் சொல்லுங்கள். பத்து நாள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சரியாகக் காயாத பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) இறுகிச் சுருங்குவது, பெயிண்டுக்கு அடியில் உப்புத்தாள் கோடுகள் மேலே தெரிய ஆரம்பிப்பது, கூலன்ட் கசிவு, ஏசி கேஸ் குறைவது எல்லாம் ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில்தான் பெரும்பாலும் வெளியே வரும்.

அடிபட்டபோது ஓட்டியது யார் என்பது முதல் கேள்வி. வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தால் கிளெய்ம் சிக்கலாகும். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ, காலாவதியாகாத இந்திய லைசென்ஸோ வேண்டும். இல்லையென்றால் "தம்பி ஓட்டினதா எழுதிடலாம் சார்" என்று ஒர்க்‌ஷாப்பிலேயே யோசனை வரும். கேட்காதீர்கள். பொய்த் தகவல் என்று பிடிபட்டால் கிளெய்மோடு முடியாது, பாலிசியே ஆட்டம் காணும்.

வண்டியை டோ செய்து கொண்டுபோய் விட்டதும் செய்ய வேண்டியது, பிரிப்பதற்கு முன்பே இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்வது. இழப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் கம்பெனி ஆளோ, போனில் எடுத்த படங்களோ போதும் என்று விட்டுவிடுவார்கள். பம்பரைக் கழற்றும் நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் அங்கே நிற்பது நல்லது. முன்னால் அடி என்றால் பார்க்க வேண்டியவை பம்பருக்குப் பின்னால்தான் இருக்கின்றன: குறுக்குச் சட்டம், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர், ஃபேன் கூடு, ஹெட்லைட் பிடிக்கும் பிராக்கெட்டுகள், இரு பக்கமும் சக்கரத்துக்கு மேலே உள்ள உள்தகடான ஏப்ரன். இவை முதல் எஸ்டிமேட்டில் இருக்காது. கழற்றிய பிறகு தெரிந்த சேதத்துக்குத் துணை எஸ்டிமேட் போட்டு, சர்வேயர் மறுபடி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

மோசமான வேலை பிறக்கும் இடமும் இதுதான். துணை எஸ்டிமேட் அனுப்பினால் இரண்டு மூன்று நாள் தாமதம். அதனால் வளைந்த பிராக்கெட்டைச் சுத்தியலால் நிமிர்த்தி மாட்டிவிடுவார்கள். அல்லது சர்வேயர் "மாற்று" என்று எழுத வேண்டிய கதவுக்கு "ரிப்பேர்" என்று எழுதி, ஒரு சிறு லேபர் தொகையைப் போட்டிருப்பார். அந்தத் தொகைக்கு இரண்டு நாள் தட்டி நிமிர்த்த எந்த டிங்கருக்கும் கட்டாது. அரை நாளில் பட்டியை அப்பிவிடுவார். பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டும் கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப்களில் இது அதிகம், ஏனென்றால் லேபர் ரேட்டை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கெனவே பேசிக் குறைத்திருக்கும். எந்தப் பாகம் மாற்று, எந்தப் பாகம் ரிப்பேர் என்ற சர்வேயரின் ஒப்புதல் தாளை அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் ஆதாரம் அந்த ஒரு தாள்தான்.

கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற கணக்கும் முன்பே தெரிந்தால் கடைசி நாள் பதற்றம் இருக்காது. ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத வசதி) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. தகட்டுப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, மூன்றிலிருந்து நாலு வயது வரை 25, ஐந்திலிருந்து பத்து வரை 40 சதவீதம். பெயிண்டிங் மொத்தமாக பில் போட்டால் அதில் 25 சதவீதத்தைப் பொருள் விலை என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். மூன்றரை வயது வண்டிக்கு 6,000 ரூபாய் பம்பர், 4,000 ரூபாய் ஃபெண்டர், பிளாஸ்டிக் கணக்கில் 8,000 ரூபாய் ஹெட்லைட், 12,000 ரூபாய் பெயிண்டிங் என்று வைத்துக்கொண்டால், வரி நீங்கலாக உங்கள் பங்கு 3,000 + 1,000 + 4,000 + 1,500. 1,500 சிசி வரையுள்ள காருக்கு, கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. ஆக 10,500. இதைவிட ரொம்பத் தள்ளி ஒரு தொகை கேட்டால் வரிவரியாகக் கேளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். பட்டி போடுவதே தவறு என்று நினைக்க வேண்டாம். நன்றாகத் தட்டி எடுத்த தகட்டிலும் மெல்லிய பட்டி வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டும்போதுதான் வம்பு. தகடும் பட்டியும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. சென்னை, மதுரை வெயிலில் ஒரு கோடைக்குள் விளிம்பில் வெடிப்புக் கோடு விழும். அடுத்தது பட்டியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர். நூறு கிராம் பட்டிக்கு இரண்டு மூன்று கிராம் போதும். அவசரத்தில் கூடுதலாகக் கலந்தால் சீக்கிரம் இறுகும், ஆனால் மேலே அடித்த பெயிண்டில் சில வாரத்தில் கறை ஊறி வரும். குறைத்துப் போட்டால் உள்ளே பச்சையாகவே இருந்து பிறகு சுருங்கும். மூன்றாவது தண்ணீர். பட்டி பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் விட்டுத் தேய்த்து, சரியாக உலர விடாமல் ப்ரைமர் அடித்தால் அந்த ஈரம் வெயில் பட்டதும் கொப்புளமாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த ஷெட்டில் வேலை நடந்தால் இது கிட்டத்தட்ட நிச்சயம்.

கண்டுபிடிக்கப் பெயிண்ட் கனம் அளக்கும் கருவி ஒன்று போதும். உள்ளங்கையில் அடங்கும், வரும்போது கைப்பையில் போட்டுக்கொண்டு வரலாம். தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒழுங்காகச் சுரண்டி மறுபடி அடித்தது 200, 300. ஐந்நூறைத் தாண்டினால் அடியில் பட்டி. ஆயிரம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இரண்டாயிரம் காட்டினாலோ, கருவி எண்ணே காட்டாமல் திணறினாலோ, தட்டாமலே நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கதவில் ஒரு இடம் மட்டும் பார்க்காமல் ஒன்பது புள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது. கருவி இல்லையென்றால் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம்; ஒட்டாமல் வழுக்கும் இடம் பட்டி.

பெயிண்டில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 2கே பெயிண்டா, பழைய என்.சி. பெயிண்டா? எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். என்.சி. தின்னர் ஆவியாகி உலர்வது. மலிவு, சீக்கிரம் மங்கும். மறைவான ஒரு மூலையில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால் கலர் துணியில் ஏறும். ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே இறுகிவிட்டால் அப்படி வராது. பெயிண்ட் அடிக்கும் மூடிய அறையான பூத்தில் அறுபது டிகிரியில் அரை மணி நேரம் வேக வைத்தால் மறுநாளே கையாளலாம்; மரத்தடியில் அடித்தால் தூசி மணி மணியாக ஒட்டியிருக்கும். சில்வர், பேர்ல் வெள்ளை போன்ற கலர்களில் அடிபட்ட பாகத்தை மட்டும் அடித்தால் எல்லை தெரியும். கம்பெனியின் கலர் குறியீட்டைப் பார்த்துக் கலக்கினாலும், பக்கத்துப் பாகத்துக்குள் கொஞ்சம் இழைத்துவிட வேண்டும். காலை பத்து மணி வெளிச்சத்தில், காய்ந்த வண்டியை நேராகவும் இரு பக்கச் சாய்விலும் பாருங்கள். பம்பரின் நிறம் மட்டும் இழை அளவு மாறியிருந்தால் அதற்குச் சண்டை போடாதீர்கள். புது வண்டியிலேயே அப்படித்தான் வருகிறது. ரப்பர் பீடிங், டயர் வளைவு, கண்ணாடி ஓரங்களில் பெயிண்ட் தூவல் இருந்தால் சரியாகப் பேப்பர் ஒட்டி மறைக்கவில்லை. அது சோம்பேறித்தனம், சுத்தம் செய்ய வைக்கலாம்.

பளபளப்பை விட்டுவிட்டு இடைவெளிகளைப் பாருங்கள். பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள சந்து இடமும் வலமும் ஒரே அகலமாக, மேலிருந்து கீழ்வரை சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் விரலும் மறுபக்கம் நகமும் நுழைந்தால் ஏப்ரன் இன்னும் நேராகவில்லை, பானட்டை இழுத்துச் சமாளித்திருக்கிறார்கள். ஏப்ரனையோ தூணையோ வெட்டிப் பற்றவைத்திருந்தால் அங்கே தொழிற்சாலையின் வட்ட வட்டப் புள்ளி வெல்டுக்குப் பதிலாக கேஸ் வெல்டின் தாறுமாறான வரி தெரியும். வலுவூட்டிய எஃகு அந்தச் சூட்டில் இளகிவிடும். துருத் தடுப்பும் எரிந்துபோகும். சீலன்ட், துருத் தடுப்புப் பூச்சு இல்லாமல் மேலே கறுப்புப் பெயிண்ட் மட்டும் அடித்திருந்தால், கடலோர ஊரில் இரண்டு மழைக்காலம் தாண்டாது. கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளைகளைச் சீலன்ட் வைத்து அடைத்திருக்கிறார்களா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

வீல் அலைன்மென்ட்டுக்கு "முன்", "பின்" இரண்டும் அச்சான தாளை வாங்குங்கள். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு டோ (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மட்டும்தான் திருத்த முடியும். சக்கரம் மேலே சாய்ந்து நிற்கும் கோணமான கேம்பர் அளவு சிவப்பில் நின்றால் அது அலைன்மென்ட் பிரச்சினை இல்லை. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், நக்கிள் இவற்றில் ஏதோ ஒன்று, அல்லது பாடியே, வளைந்திருக்கிறது. "ஓட ஓடச் சரியாயிடும் சார்" என்பார்கள். சரியாவதில்லை, டயரின் ஒரு ஓரம் தேய்ந்து போகும்.

ஏர்பேக் வெடித்த வண்டி என்றால் சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். நின்று எரிந்தால் கோளாறு அப்படியே இருக்கிறது. அது மற்ற விளக்குகளோடு சேர்ந்து சரியாக அணைந்தாலும், உள்ளே ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றியிருக்க வாய்ப்புண்டு. போனில் இணைக்கும் மலிவான ஸ்கேனர்கள் எஞ்சின் கோளாறைத்தான் படிக்கும். ஏர்பேக் பெட்டியைப் பெரும்பாலும் எட்டாது. கம்பெனி ஸ்கேனரில் எடுத்த அறிக்கையும், ஏர்பேக், கன்ட்ரோல் பெட்டி, சீட் பெல்ட் டென்ஷனர் ஆகியவற்றின் பாக எண் உள்ள ஜிஎஸ்டி பில்லும் கேளுங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் பழைய கதவு, சைடு மிர்ரர், டிக்கி மூடி வாங்குவதில் தப்பில்லை. ஏர்பேக்கும் சஸ்பென்ஷன் பாகமும் அங்கே வாங்கும் சாமான்கள் அல்ல.

குறை தென்பட்டால் திருப்தி வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். கேஷ்லெஸ் கிளெய்மில் ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் போக அந்தக் கையெழுத்து வேண்டும், உங்கள் கையில் உள்ள ஒரே பிடி அதுதான். குறைகளை எண் போட்டு ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லி, மறுதேதி வாங்கி, நகல் எடுங்கள். சர்வேயரின் மறு ஆய்வையும் கேட்கலாம். மாற்றியதாக பில் போட்ட பழைய பாகங்களை அப்போது அவர் பார்க்க வேண்டும் என்பதால், அவற்றைக் கண்ணில் காட்டாத ஒர்க்‌ஷாப்பைச் சந்தேகிக்கலாம். பணம் கட்டாமல் வண்டியைக் கொண்டுபோவேன் என்று நிற்பது மட்டும் வேண்டாம். செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு, பார்க்கிங் சார்ஜும் ஏறும். கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் பில்லில் "கீழ்க்கண்ட குறைகளுடன், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று கையால் எழுதி, தேதி போட்டு, பணத்தைக் கார்டிலோ வங்கி வழியாகவோ கட்டுங்கள்.

உடனே வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்தால் முதல் ஆள் "அவங்க கை வெச்சுட்டாங்க" என்று கழன்றுகொள்வார். கை வைக்கும் முன் பெயிண்ட் கன அளவுகள், அலைன்மென்ட் தாள், படங்கள், அந்த இரண்டாவது ஒர்க்‌ஷாப்பின் எழுத்து மூல ஆய்வு எல்லாவற்றையும் சேர்த்து முதல் ஒர்க்‌ஷாப்புக்கு மின்னஞ்சல் அனுப்பி, திருத்த ஒரு வாரம் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் இணையத்திலேயே மனுப் போடலாம். மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலும் போடலாம் என்பதால், ஆர்சியும் பில்லும் ஊரில் இருக்கும் அப்பா அம்மா பெயரில் இருந்தால் வேலை எளிது. இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் குறைத்ததோ மறுத்ததோ தனிப் புகார்: முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரி, ஒரு மாதம் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். பட்டி வெடித்ததை அவரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை.

கிளம்பும் முன் வீட்டில் விட்டுப்போக வேண்டியவை: சர்வேயர் ஒப்புதல் தாள், இரண்டு எஸ்டிமேட், ஜாப் கார்டு, பாக எண்ணுடன் பில், அலைன்மென்ட் தாள், படங்கள் உள்ள பென்டிரைவ், உங்கள் சார்பில் பேச ஒருவருக்கு எழுதிய அதிகாரக் கடிதம். ஒரு வாளித் தண்ணீரை முன்கண்ணாடி மேலும் டிக்கி ஓரமும் ஊற்றி, உள்ளே மிதியடிக்கு அடியிலும் ஸ்டெப்னி குழியிலும் கை வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் வண்டியை அன்றே திருப்பிக் கொண்டுபோய் விடுங்கள்.