கும்பகோணத்து லேத்தில் பழைய ஸ்பிளெண்டர்: போரிங்குக்கு நம்பிப் போகலாம், டேங்கை மட்டும் கொடுக்காதீர்கள்

நாச்சியார்கோவில் சாலையில் இருக்கும் இந்த லேத்துப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் கிடக்கும் பம்புசெட் ஹெட்டுகளும் பவர் டில்லர் பிளாக்குகளும்தான் அடையாளம். பைக் வேலை இவர்களுக்கு இடையில் வருவதுதான். ஆனாலும் பழைய நூறு சிசி வண்டியைக் கையைக் கடிக்காமல் எழுப்ப நினைப்பவர்களுக்கு இது தோதான இடம். ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டருக்கு இங்கே செய்த நாலு வேலையின் கணக்கு இது: பிளாக் போரிங் (பிஸ்டன் ஓடும் துளையைக் கடைந்து பெரிசாக்குவது), ஹோனிங் (கடைந்த சுவரில் கல்லால் மெல்லிய குறுக்குக் கோடு போடுவது) சேர்த்து 450 ரூபாய், வால்வு லேப்பிங் (வால்வு அதன் இடத்தில் கசியாமல் உட்காரத் தேய்ப்பது) 250, இன்ஜினின் இரண்டு கவர் பாலீஷ் 300, பெட்ரோல் டேங்க் கழுவ 400. பிஸ்டன் செட் நாம் தனியாக வாங்கித் தர வேண்டும்.

போரிங்தான் இங்கே சொத்து. ஸ்பிளெண்டரின் போர் (துளையின் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5 மி.மீ., மொத்தம் 97.2 சிசி. பிளாக் தேய்ந்துவிட்டால் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடுதல் என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. “போரைப் பெரிசாக்கினா பிக்கப் ஏறும்” என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 0.50 போட்டால் 99 சிசி, 1.00 போட்டால் 101 சிசி. ஓட்டினால் தெரியவே தெரியாது. எடுத்த எடுப்பில் கடைசி சைஸுக்குப் போனால் அடுத்த தடவை ஸ்லீவ்தான், அதாவது பிளாக்குக்குள் புது உள்குழாய் இறக்க வேண்டும். தேய்மானக் கோடு அழியும் அளவுக்கு மட்டும் கடைந்தால் போதும் என்று பட்டறைக்காரரே சொல்கிறார், அதற்காகவே ஒரு மார்க் கூடுதலாகத் தரலாம்.

பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் இவர் பிளாக்கைத் தொடமாட்டார். ஒரே சைஸ் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும். மைக்ரோமீட்டரை, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பின்’னின் துளைக்குக் குறுக்காக, அடி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே வைத்து அளக்கிறார். பிஸ்டனின் தலைப்பக்கம் அளந்தால் கணக்கு தப்பும், அங்கே அது ஒல்லியாகத்தான் இருக்கும். அந்த அளவுக்கு மேல் 0.03 மி.மீ. அளவில் இடைவெளி விட்டுக் கடைகிறார். இறுக்கிவிட்டால் சூடேறியதும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே பிஸ்டன் தட்டும், சைலன்சரில் நீலப் புகை வரும். வேலை முடிந்ததும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் காட்டுகிறார்.

ஹோனிங்கின் குறுக்குக் கோடுகள் சீராக விழுந்திருந்தன. குறை அதற்கப்புறம். பிளாக்கை டீசலில் ஒரு முக்கு முக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். டீசல் எண்ணெயைக் கரைக்கும், கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கல் பொடியை அசைக்காது. அந்தப் பொடியோடு மாட்டினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள புது ரிங்கை அதுவே அரம் போல ராவிவிடும். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்து, பழைய வெள்ளை வேட்டித் துணியால் உள்ளே துடையுங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் மறுபடி சோப்பு. வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடக் கூடாது. காய்ந்த கையோடு இன்ஜின் ஆயில் தடவிவிடுங்கள். நம்ம ஊர் ஈரக் காற்றில் வெறும் வார்ப்பிரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பட்டை அடிக்கும்.

ரிங்கின் வாய், அதாவது இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை இவர்கள் பார்ப்பதில்லை, நாம்தான் பார்க்க வேண்டும். ரிங்கை மட்டும் பிளாக்குக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அந்த வாயில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.15 முதல் 0.30 மி.மீ. வரை இருந்தால் சரி. இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் ரிங் முனைகள் முட்டிக்கொண்டு போரைக் கீறும். மாட்டும்போது ரிங்கின் எழுத்துள்ள பக்கம் மேலே, வாய்கள் ஒரே நேரில் வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி, பிஸ்டனின் ‘ஐஎன்’ குறி கார்பரேட்டர் பக்கம்.

வால்வு லேப்பிங் பரவாயில்லை. ஹெட்டில் வால்வுக்குப் போகும் வழியான போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்ததில் கசியவில்லை. ஆனால் வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் பழைய வால்வு சீலையே திரும்பப் போட்டிருந்தார்கள். புது வால்வு சீல் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அற்ப விலைதான். அதைவிட்டால் போரிங் செய்த பிறகும் புகை நிற்காது, பழி போரிங் மேல் விழும்.

பாலீஷ் வேலை இந்த ஊருக்கே உரிய வசதி. கிளட்ச் கவரையும் மேக்னெட் கவரையும் குத்துவிளக்குக்குப் பாலீஷ் போடுகிற பஃப் சக்கரத்தில் கொடுத்து வாங்கித் தருகிறார்கள். முகம் பார்க்கலாம் போல வந்தது, சந்தேகமில்லை. ஆனால் கசிவை அடைக்கும் கேஸ்கட் உட்காரும் விளிம்பையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்கள். விளிம்பு மழுங்கினால் புது கேஸ்கட் போட்டாலும் ஆயில் கசியும். கவரை ஒரு பிளைவுட் துண்டில் ஸ்குரூ போட்டு முடுக்கியே கொடுங்கள், விளிம்பு தப்பும். கவரின் மேல் இருக்கும் பழைய லேக்கர் பூச்சைப் பெயிண்ட் ரிமூவரால் முன்னமே எடுத்துவிட வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் இந்த 300 ரூபாயை மிச்சப்படுத்தலாம். உப்புக் காற்றில் பளபளப்பு நிற்காது, சூடு தாங்கும் சில்வர் பெயிண்ட்தான் அங்கே சரி.

டேங்க் விஷயத்தில் ஏமாற்றம். ஆசிட் ஊற்றிக் குலுக்கி, தண்ணீரில் அலசி, அப்படியே கொடுத்தார்கள். மறுநாள் உள்ளே முழுக்க மஞ்சள் துரு, அடித் தையலில் ஊசித் துளை. இதற்கு வீட்டுப் புளியே மேல், பித்தளைக்கு நடக்கும் வேலைதான். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’கைக் கழற்றி ஓட்டையை அடைத்து, பழம்புளி கரைத்த சுடுதண்ணீரை நிரப்பி, ஒரு கை சின்ன நட்டுகளைப் போட்டு இரண்டு நாள் அவ்வப்போது குலுக்குங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிடுங்கள். காக்குக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் ஒரு ஃபில்டர் கட்டாயம்.

பின்பக்க ஃபிரேமை வெட்டி கஃபே ரேசர் சீட் (ரேஸ் வண்டி பாணிக் குட்டை சீட்) வைத்துத் தரட்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஷாக் அப்சார்பர் தாங்குவதே அந்தக் குழாயில்தான். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தும்போது வெட்டிய ஃபிரேம் பாஸ் ஆகாது. கலர் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சீட் ஃபோம், ஹேண்டில் பார் அளவோடு ஆசையை நிறுத்திக்கொள்ளலாம்.

போகிற நேரமும் முக்கியம். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பை ஒட்டி பம்புசெட்டும் டில்லரும் வரிசை கட்டி நிற்கும், தை அறுவடையிலும் அதே கதை. அப்போது பைக் பிளாக் மூலையில் கிடக்கும். பங்குனி, சித்திரையில் கொடுத்தால் மூன்றாம் நாள் கையில் கிடைக்கும்.