வாய்தாவுக்கு இவ்வளவா, மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா? வக்கீல் பீஸ் பேசும் முன்

வக்கீல் பீஸுக்கு விலைப்பட்டியல் கிடையாது. விதிகளில் ஒரு கட்டண அட்டவணை இருக்கிறது; ஆனால் அது ஜெயித்தவருக்குத் தோற்றவர் தரவேண்டிய செலவுத்தொகையைக் கணக்கிடத்தான். உங்கள் வக்கீலுக்குத் தருவது பேசி முடிப்பதே. பேசும்போது பெரும்பாலானோர் தொகையில்தான் பேரம் பேசுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, வழக்கு இழுத்தால் அந்த இழுவை யார் தலையில் விழும் என்பதை.

கடன் கொடுத்த 10 லட்சம் ரூபாயை வசூலிக்கத் தமிழ்நாட்டில் ஒரு சிவில் வழக்கு போடுவதாக வைத்துக்கொள்வோம். கோர்ட் பீஸ் 3 சதவீதம், 30,000 ரூபாய். (2017 திருத்தத்துக்கு முன் 7.5 சதவீதம்.) இது அரசுக்குப் போகும் பணம். "எல்லாம் சேர்த்து 90,000" என்று வக்கீல் சொன்னால் அவருடைய பீஸ் எவ்வளவு, கோர்ட் பீஸ் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்திலோ சமரச மையத்திலோ வழக்கு முடிந்தால் கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும். இரு தரப்பும் வெளியே பேசித் தீர்த்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. கணக்கு ஒன்றாகக் கலந்திருந்தால் அந்த 30,000 யாருடையது என்று அப்போது தகராறு வரும்.

இனி பீஸ். வாய்தாவுக்கு 1,500 ரூபாய் என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். மாதம் ஒரு வாய்தா, மூன்று வருடம் என்றால் 54,000. அதில் பாதிக்கு மேல் "எதிருரைக்கு" (எதிர் தரப்பு எழுத்தில் தரும் பதில்), "எதிர் தரப்பு அவகாசம்", "நீதிபதி விடுப்பு" என்று தள்ளிப்போன நாட்களாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. வழக்கு தள்ளிப்போகப் போக வக்கீலுக்கு வரும்படி. முறையிலேயே உள்ள கோளாறு அது. இருந்தாலும் இதை அடியோடு ஒதுக்க வேண்டாம். நாலாவது வாய்தாவில் சமரசம் ஆகிவிட்டால் 6,000-த்தோடு முடிந்துவிடும். இந்த முறைக்கே போவதானால் இரண்டு விலை பேசுங்கள்: வெறுமனே ஆஜராகித் தேதி வாங்கிய நாளுக்கு ஒன்று, சாட்சி விசாரணையோ வாதமோ நடந்த நாளுக்கு ஒன்று. எந்த நாளில் என்ன நடந்தது என்பதை ஈ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

மொத்தத் தொகை எல்லை தெரிந்த வேலைக்குப் பொருத்தம்: வக்கீல் நோட்டீஸ், பத்திர வரைவு, பரஸ்பர சம்மத விவாகரத்து. நீளும் சிவில் வழக்குக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தால் கேஸ் கட்டு அலமாரிக்குள் போய்விடும். யாரும் ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடியானால் 30 நாளுக்குள் மீட்பு மனு போட வேண்டும். அதற்குத் தனி பீஸா என்று அன்றைக்குப் போய்ப் பேச முடியாது. நிறைவேற்று மனுவும் மேல்முறையீடும் "மொத்தத்தில்" அநேகமாகச் சேராது. ஜெயித்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. டிகிரி (தீர்ப்பாணை) காகிதத்தைப் பணமாக்குவது நிறைவேற்று மனுதான்.

எங்கள் தேர்வு கட்டம் கட்டமாகத் தருவது. 60,000 என்று பேசியிருந்தால் பிராது (வழக்கு மனு) தாக்கலாகி எண் விழுந்ததும் 20,000, எழுவினாக்கள் (வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனைந்ததும் 10,000, குறுக்கு விசாரணை முடிந்ததும் 18,000, இறுதி வாதம் முடிந்ததும் 12,000. தாமதமானால் வக்கீலுக்கும் பணம் தாமதமாகும். இதிலும் ஓட்டை உண்டு: வழக்கு நடக்கும்போதே நடுவில் போடும் இடைக்கால மனுக்கள். "இரண்டு மனு வரை சேர்த்தி, அதற்கு மேல் மனுவுக்கு இவ்வளவு" என்று எழுதாவிட்டால் கசிவது அந்த வழியாகத்தான்.

நான்காவது, சதவீதம். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் "செலவெல்லாம் நான் பார்த்துக்கிறேன், வர்றதுல இவ்வளவு" என்ற பேச்சு சகஜம். கையில் காசில்லாதவருக்கு அது கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுவதையும் வரும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதி தடுக்கிறது. தெலங்கானாவிலிருந்து வந்த விபத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் 2017-ல் இதை உறுதி செய்தது. "பிறகு தருகிறேன்" என்று பேசலாம்; "வந்தால் தருகிறேன்" என்பதுதான் கூடாது. ஜாமீன் கிடைத்தால் மீதி என்பதும் இதே ரகம். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் பாஸ்புக்கும் யாரிடமும் போகக் கூடாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி கேட்கலாம், எண் 15100.

மணிக்கணக்கு பீஸ் கம்பெனிகளுக்கான சங்கதி. மூத்த வழக்கறிஞரை (நீதிமன்றம் அந்தப் பட்டம் தந்தவர்) நேரடியாக அமர்த்த முடியாது. உங்கள் வக்கீல் மூலம்தான், பீஸும் தனி. தனிநபர் சொந்த வழக்குக்குத் தரும் பீஸுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் இருந்தால் கேளுங்கள்.

எந்த முறையானாலும் வங்கி வழியாகக் கொடுங்கள், எது பீஸ் எது செலவு என்று ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். கட்சிக்காரர் பணத்துக்குத் தேதிவாரியாகக் கணக்கு வைப்பது வக்கீலின் கடமை. நகல் கேட்டால் தர வேண்டும். பாதியில் வக்கீலை மாற்ற நேர்ந்தால், கட்ட முறையில் பாக்கி எவ்வளவு என்பது ஒரு வரியில் தெரியும். மொத்த முறையில் திரும்ப வாங்குவது பெரும்பாடு. பாக்கி இருக்கிறதென்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள மட்டும் அவருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம்.