பில்லில் "மாடல்" என்று போட்டுத் தந்தார்கள், 68,000 ரூபாய் போச்சு

கடலூர், பாண்டி பக்கம் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிற தம்பிகள் எல்லோரும் ட்ரோன் வாங்கி நான் ஏமாந்த இந்தக் கதையை முழுசாகப் படியுங்கள். 68,000 ரூபாய். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணக் கூட்டம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பெண் வீட்டார் வாசல்படி ஏறும்போதே "ட்ரோன் ஷாட் உண்டா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த ஸ்டூடியோ. ஐப்பசியில் மட்டும் மூன்று ஆர்டர் இப்படிக் கைவிட்டுப் போனது. மனைவியின் இரண்டு வளையலை அடகு வைத்துவிட்டு ட்ரோன் வாங்கப் போனேன்.

கடை பாண்டியில். மாடிப்படி ஏறிப் போக வேண்டும். ரிமோட் கார், ரிமோட் விமானம், ட்ரோன் விற்கிற கடை. வழக்குப் போடப் போவதால் பெயர் எழுதவில்லை. கவுண்டரில் இருந்த பையன், "உட்காருங்கண்ணே, கடலூர்ல எங்க? நமக்கும் ஓ.டி.தாண்ணே" என்றான். ஓ.டி. என்றால் கடலூர் ஓல்டு டவுன். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். நம்ம ஊர்ப் பையன் ஏமாற்றுவானா என்று தோன்றிவிட்டது. டீ வந்தது. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பறக்கவிட்டுக் காட்டினான். ரிமோட் திரையில் தண்ணித் தொட்டி, கொடியில் காயும் துணி, நடுவில் அண்ணாந்து பார்க்கும் என் முகம். அவ்வளவு துல்லியம். போனில் நான் எடுத்த கல்யாண ரீல்ஸ் நாலைந்தை அவனுக்குக் காட்டினேன். "சூப்பர்ண்ணே, இதுக்கு மேல ட்ரோனும் சேர்ந்தா எங்கயோ போயிடுவீங்க" என்றான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா என்று நானே கேட்டேன். கேட்காமல் வாங்கவில்லை. "அதெல்லாம் பெரிய ட்ரோனுக்குண்ணே. இது 890 கிராம்தான். பில்லுல மாடல் விமானம்னு போட்டுடறேன், மாடலுக்கு ஒண்ணுமே தேவையில்ல. எதுக்கும் இருக்கட்டும்னா பர்மிஷன் லெட்டர் நாமளே வாங்கித் தர்றோம்." ட்ரோன் 61,000, லெட்டர் 7,000. நின்ற இடத்திலேயே ஜிபேயில் போட்டேன்.

போன ஞாயிறு கருவடிக்குப்பத்தில் ஒரு ரிசப்ஷன். லாஸ்பேட்டை ஏர்போர்ட் அங்கிருந்து கூப்பிடு தூரம். மண்டபத்தின் மேலே ட்ரோன் ஏறி இரண்டு ஷாட்தான் எடுத்திருப்பேன், போலீஸ்காரர் இருவர் உள்ளே வந்தார்கள். பதிவு எண் கேட்டார்கள். லெட்டரை நீட்டினேன். ஒருவர் அதை லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சீல் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்தார். ஊதா மை விரலோடு வந்துவிட்டது. "இது எந்த ஆபீஸ் சீல் சார்?" அப்போதுதான் நானும் படித்தேன். வட்டத்துக்குள் "அனுமதிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது, எந்த அலுவலகத்தின் பெயரும் இல்லை. சந்தனக் கும்பாவோடு பெண்ணின் அப்பா பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ட்ரோன் ஸ்டேஷனில் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி முழுக்க விதியைப் படித்தேன். ட்ரோன் விதிகள் 2021. அதில் மாடல் என்றால் 25 கிலோவுக்குக் கீழே, கண் பார்வைக்குள் பறப்பது, படிப்பு, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு இதற்கு மட்டும்தான். ஒருத்தரிடம் காசு வாங்கி ஒரு ஷாட் எடுத்தாலும் அது மாடல் கிடையாது, பில்லில் என்ன எழுதியிருந்தாலும் சரி. 250 கிராமிலிருந்து 2 கிலோ வரை மைக்ரோ ரகம், என் ட்ரோன் அதில்தான் வரும். சொந்த ஆசைக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டாம், தொழிலுக்கு என்றால் வேண்டும். ட்ரோனுக்குப் பதிவு எண்ணும் வேண்டும், அதை வாங்க அந்த ரகத்துக்கு டைப் சர்டிபிகேட், அதாவது அந்த ரக ட்ரோனுக்கே தரும் அரசு ஒப்புதல் சான்று, இருக்க வேண்டும். என் ட்ரோனுக்கு அது இல்லை. அதாவது இனி எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினாலும் அதை வைத்து நான் ஒரு கல்யாணமும் எடுக்க முடியாது. அந்தப் பதிவுக்கு அரசுக் கட்டணம் வெறும் 100 ரூபாய். ஒன்றுக்கும் உதவாத ஒரு காகிதத்துக்கு என்னிடம் 7,000 வாங்கினார்கள்!

அந்த மாதிரி லெட்டரை எந்தக் கடைக்காரராலும் தரவே முடியாது. எங்கே பறக்கலாம் என்பது அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள மேப்பில் இருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி வரை அனுமதியே வேண்டாம். ஏர்போர்ட் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான் பச்சை. 8 கிலோமீட்டருக்குள் பச்சையே கிடையாது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பையன் மொட்டை மாடியில் பறக்கவிட்டுக் காட்டியதே தப்பு. விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் வரை.

திங்கள்கிழமை கடைக்குப் போனேன். "ஓனர் சென்னை போயிருக்கார்." செவ்வாய் அதே ஓ.டி. பையன், இப்போது அண்ணன் போய் சார் ஆகிவிட்டது. "சார், கல்யாணத்துக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?" ரீல்ஸ் பார்த்த அதே வாய்! பில்லின் அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் "பொழுதுபோக்குக்கு மட்டும்" என்று இருந்ததைக் காட்டினான். அதற்குக் கீழே என் கையெழுத்து. லெட்டரைப் பற்றிக் கேட்டால், "அது ஏஜென்ட் சார், எங்களுக்குச் சம்பந்தமில்ல." 7,000 போன நம்பர் வேறு நம்பர்தான், அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. அது சுவிட்ச் ஆஃப். நேற்று வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. 68,000 ரூபாய், ஒரு பதில்கூட இல்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. டைப் சர்டிபிகேட் நம்பர் கேளுங்கள், தரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பைலட் சான்றிதழ் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த பயிற்சி மையத்தில் படித்தால்தான் கிடைக்கும், கடையில் கிடைக்காது. கடையில் பர்மிஷன் லெட்டர் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். பில்லை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். வாங்கியது பாண்டி என்றாலும் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கடலூரில் போடப் போகிறேன். இதே மாதிரி ஊதா சீல் லெட்டர் வேறு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எனக்கு மெசேஜ் செய்யுங்கள். தை முகூர்த்தத்துக்கு ட்ரோன் சேர்த்துப் பேசி வாங்கிய இரண்டு அட்வான்ஸை இன்றைக்குச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.