இன்சுலின் போடுகிறவர்கள் லைசன்ஸ் புதுப்பிக்க ஒருவருக்கும் காசு கட்டாதீர்கள். என்னுடைய 128 பவுண்ஸ் போய்விட்டது

லைசன்ஸ் புதுப்பித்துத் தருகிறோம் என்று காசு வாங்கிய கம்பனியோடு இப்போதுதான் கதைத்து ஃபோனை வைத்தேன். ஆத்திரம் அடங்க முதல் எழுதுகிறேன். அடங்கினால் வெட்கத்தில் எழுதாமல் விட்டுவிடுவேன். இங்கிலாந்தில் சீனி வருத்தத்தோடு கார் ஓடுகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் தயவுசெய்து வாசியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் ஹரோவில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. சீனி வருத்தம் வந்து 11 வருடம். மூன்று வருடத்துக்கு முதல் குளிசையோடு இன்சுலினும் தொடங்கினார்கள். இன்சுலின் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் சாரதி லைசன்ஸ் கொடுக்கிற அரசாங்க அலுவலகம், சுவான்சியில் இருக்கிற டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தேன். பழைய லைசன்ஸுக்குப் பதிலாக மூன்று வருட லைசன்ஸ் தந்தார்கள். 70 வயது வரைக்கும் இருந்த உரிமை மூன்று வருடமாகச் சுருங்கியது மனவருத்தம்தான், ஆனாலும் நான் ஒளிக்கவில்லை. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் ஒளிக்கிறார்கள். சொன்னால் பறித்துவிடுவார்கள் என்று பயம். சொல்லாமல் விட்டால்தான் 1,000 பவுண்ஸ் வரைக்கும் தண்டம், விபத்து ஏதும் நடந்தால் வழக்கும் வரலாம். என்னிடம் ஒருவரும் பறிக்கவில்லை.

அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்தக் கம்பனி பிழைக்கிறது.

லைசன்ஸ் முடிகிற திகதிக்கு 90 நாளுக்கு முதலே சுவான்சியில் இருந்து கடிதம் வந்தது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்துக் கொழுவினேன். வேலை, வீடு, மகனின் சோதனை என்று இரண்டு மாதம் ஓடிப்போனது. போன மாதம் ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் இருந்து ஃபோனில் தேடினேன். ஆக மேலே வந்த பக்கத்தைத் தட்டினேன். அரசாங்கப் பக்கத்தின் அதே கறுப்பு, அதே நீலம், அதே எழுத்து. ‘மருத்துவ லைசன்ஸ் புதுப்பித்தல்’ என்று தலைப்பு. அதற்கு மேலே பொடி எழுத்தில் விளம்பரம் என்று இருந்ததை இன்றைக்குத்தான் கண்டேன்.

நான் நம்பியது நிறத்தைப் பார்த்து இல்லை. கேள்விகளைப் பார்த்து நம்பினேன். கடந்த 12 மாதத்தில் விழித்திருக்கும்போது, இன்னொருவர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சீனி இறங்கியதா? கார் எடுக்க முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் சோதிக்கிறீர்களா? தூரப்பயணத்தில் ஒவ்வொரு இரண்டு மணித்தியாலத்துக்கும் திரும்பச் சோதிக்கிறீர்களா? சீனி இறங்குகிறபோது உங்களுக்கு உணர முடிகிறதா? எங்கள் கிளினிக் நேர்ஸ் கேட்கிற அதே கேள்விகள். இந்த வருத்தம் தெரிந்த ஆட்கள் என்று நினைத்தேன்.

ஒரு கேள்வி விளங்காமல் அதில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். உடனே ஒரு பெண் எடுத்தாள். தன் தாயும் இன்சுலின்தான் என்றாள். “பயப்படாதேங்கோ, படிவத்தில ஒரு பிழை விட்டாலும் லைசன்ஸ் நிக்கும், அதுதான் நாங்கள் சரிபார்த்து அனுப்புறம்” என்கிற மாதிரி இங்கிலிஷில் ஆறுதலாகச் சொன்னாள். அந்த நேரம் கையில் ஒட்டியிருக்கிற, சீனி அளக்கிற சென்சரை ஃபோனால் பார்த்தேன், 5.8. அதைக்கூட அவளிடம் சொன்னேன். “நல்லா வச்சிருக்கிறியள்” என்றாள். பிறகு பாங்க் கார்ட் இலக்கத்தை நான்கு நான்காக வாசித்தேன், அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். 79 பவுண்ஸ். காசைவிட, அந்தப் பாராட்டுக்கு நான் சந்தோஷப்பட்டதுதான் இப்போது நெஞ்சைச் சுடுகிறது.

இரண்டு நாளில் ஈமெயில். உங்கள் கோப்பில் மருத்துவக் குறிப்பு இருக்கிறது, முன்னுரிமை எடுக்காவிட்டால் திகதி தாண்டலாம், 49 பவுண்ஸ். அதையும் கட்டினேன். 79உம் 49உம் 128. பத்து மணித்தியாலம் மற்றவர்களைத் தூக்கி, குளிக்க வார்த்து உழைத்த காசு.

ஒரு கிழமையில் ‘உங்கள் ஆவணங்களை அனுப்பிவிட்டோம்’ என்று வந்தது. யாருக்கு அனுப்பினார்கள் என்று அதில் இல்லை. நான் சுவான்சிக்குத்தான் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். கார்ட் வரவில்லை. கேட்டு எழுதினால் ‘செயல்பாட்டில் உள்ளது’. திரும்ப எழுதினால் அதே வரி, கீழே வேறு பெயர். ஃபோன் எடுத்தால் பாட்டு. அந்தப் பெண் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை.

முடிய ஐந்து நாள் இருக்கும்போது மனம் கேட்காமல் டி.வி.எல்.ஏ.க்கே எடுத்தேன். என் பெயரில் புதிய விண்ணப்பம் ஒன்றும் வரவில்லை என்றார்கள். இதற்குக் காசே இல்லை, மருத்துவக் காரணத்தால் குறுங்கால லைசன்ஸ் வைத்திருப்பவர் அதைப் புதுப்பிப்பது இலவசம் என்றும் சொன்னார்கள். நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

மகன் வந்து குப்பை ஈமெயில் பகுதியைத் துழாவினான். “அம்மா, இஞ்ச பாருங்கோ, உங்களுக்குத்தான் அனுப்பியிருக்கிறாங்கள்.” பி.டி.எஃப். ஒன்று. டி.ஐ.ஏ.பி. 1 என்கிற படிவம். அரசாங்கப் பக்கத்தில் எவரும் சும்மா எடுக்கக்கூடிய படிவம். அதில் என் பெயர், விலாசம், பிறந்த திகதியை அடித்திருந்தார்கள். மிச்சம் வெறுமை. அச்செடுத்து, நிரப்பி, கையொப்பம் வைத்து நீங்களே தபாலில் போடுங்கள் என்று ஒரு வரி. இதுதான் 128 பவுண்ஸுக்குத் தந்த சேவை.

அதற்குப் பிறகு மூன்று பேரோடு கதைத்துவிட்டேன். முதலாவது ஆள், நீங்கள் வாங்கியது தயாரிப்புச் சேவை, தயாரித்துத் தந்துவிட்டோம் என்றார். இரண்டாவது ஆள், 14 நாளில் ரத்துச் செய்கிற உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்தீர்கள், ‘உடனே தொடங்குங்கள்’ என்ற பெட்டியில் சரி போட்டிருக்கிறீர்கள் என்றார். இன்றைக்குக் கதைத்தவர், நாங்கள் அரசாங்கம் இல்லை என்று பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறோம் என்றார். போய்ப் பார்த்தேன். எழுதியிருக்கிறது, சாம்பல் நிறத்தில், கடைசி வரியில். நேரடியாகச் செய்தால் இலவசம் என்பதும் அங்கேயே இருக்கிறது! தெரிந்துகொண்டு, எழுதியும் வைத்துக்கொண்டு பேய்க்காட்டுகிறார்கள். வருத்தக்காரரிடம் இப்படிச் சுத்துமாத்துச் செய்ய எப்படி மனம் வருகிறது?

பாங்கில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நீங்களே அனுமதித்த கொடுப்பனவு என்றுதான் முதலில் சொன்னார்கள். இரண்டாம் முறை விடாமல் கதைத்தபிறகு பதிந்தார்கள்.

டி.வி.எல்.ஏ.யோடு கதைத்த அன்றிரவே அரசாங்கத்தின் சொந்தப் பக்கத்தில் நானே விண்ணப்பித்தேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. லைசன்ஸ் நேற்று முடிந்தது. முடிய முதல் விண்ணப்பம் அவர்கள் கையில் கிடைத்திருந்தால், கார் ஓடலாம் என்று டொக்டர் சொல்கிற நிலையில் நீங்கள் இருந்தால், முடிவு வருமட்டும் ஓட 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 88ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. எனக்கு ஜீ.பி.யைப் (குடும்ப டொக்டரை) பார்க்கிறது வியாழக்கிழமைதான். அதுவரைக்கும் கார் எடுக்க மாட்டேன். இன்றைக்கு ரெய்னர்ஸ் லேனில் நான் பார்க்கிற ஐயாவுக்குக் காலைச் சாப்பாடு நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. “என்ன பிள்ளை, கார் எங்க?” என்று கேட்டார். பஸ்ஸில் வந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

விபரமாக எழுத நினைத்தேன், இப்போது தலை இடிக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். தேடலில் மேலே வருவதைத் தட்டாதீர்கள், விலாசம் www.gov.uk/ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சுவான்சிக் கடிதத்தில் இருக்கிற வழியிலேயே போங்கள். காசு கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். கடிதம் வந்த கிழமையே செய்யுங்கள், என்னைப் போலக் கொழுவி வைக்காதீர்கள். கட்டிவிட்டால் அன்றைக்கே பாங்குக்கு எடுங்கள்.

லைசன்ஸ் இருக்கிறவர்களும் சீனி (இங்கத்தைய mmol/L கணக்கில்) 5க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு எடுங்கள், 4க்குக் கீழே என்றால் எடுக்கவே வேண்டாம். ஓடும்போது இறங்கினால் ஓரமாக நிறுத்தி, திறப்பைக் கழற்றி, சாரதி இருக்கையை விட்டு மாறி இருந்து குளுக்கோஸ் எடுங்கள். சரியான அளவுக்கு வந்தபிறகும் 45 நிமிடம் பொறுங்கள். இதெல்லாம் கிளினிக்கில் எனக்குச் சும்மா சொல்லித் தந்தது.

பெயரைப் போடவில்லை. ஒரு பெயரை மூடினால் இன்னொரு பெயரில் வருவார்கள், அதனால் ஆளைவிட மாதிரியைத் தெரிந்துவைத்திருங்கள். இதே மாதிரி வேறு யாரும் கட்டியிருந்தால் எழுதுங்கள், பாங்குக்குக் காட்ட உதவும். 128 பவுண்ஸ் திரும்பி வந்தால் இங்கேயே சொல்கிறேன்.